எட்டாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்வியும் ஏழு புத்தர்களும்

முன்னாள் மாணவர், பி.ஏ. வரலாறு (1974–77)

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுக் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா?" என்றுதான் கேட்டேன். "அதை ஏற்கெனவே ஒன்பது பேர் எழுதிட்டாங்க சார், நீங்க சரித்திரம் எழுதுங்க" என்றார்கள். சரி, சரித்திரமே எழுதுகிறேன். ஆனால் அதில் ஒரு பழைய கடன் பாக்கியும் இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்லூரியை விட்டு வெளியே வந்து, பி.எட். முடித்து, பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். 1991-இல், எட்டாம் வகுப்பில் புத்தர் பாடம். வழக்கம்போல நடத்தினேன். சுத்தோதனர் தம் மகன் துறவியாகிவிடக் கூடாது என்று அரண்மனையிலேயே வளர்த்தார்; 29 வயதில் சித்தார்த்தர் தேரில் வெளியே போனபோது ஒரு கிழவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி ஆகிய நால்வரைக் கண்டார்; அன்று ராத்திரியே வீட்டைத் துறந்தார். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சாக்பீஸைக் கீழே வைக்கும்போது ஜன்னலோரத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், 29 வயசு வரைக்கும் அவர் வயசானவங்களையே பார்த்ததில்லையா? அவங்க அப்பாவுக்கே வயசாகியிருக்குமே சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அந்த மௌனம் என்னைச் சும்மா விடவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் நம் கல்லூரி நூலகத்துக்கு வந்தேன். பழைய மாணவர் என்ற சலுகையில் உள்ளே உட்கார்ந்து படிக்க விட்டார்கள். ரீஸ் டேவிட்ஸ் மொழிபெயர்த்த 'டயலாக்ஸ் ஆஃப் தி புத்தா', 1910-இல் வந்த இரண்டாம் தொகுதி. அது தீக நிகாயத்தின் மொழிபெயர்ப்பு. முதலில் நிற்பதே 'மகாபதான சுத்தம்'. அங்கேதான் விபஸ்ஸியைச் சந்தித்தேன்.

நடந்த இடம் சாவத்தி நகரத்து ஜேதவனம். சாப்பாட்டுக்குப் பிறகு பிக்குகள் உட்கார்ந்து முற்பிறவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புத்தர் அங்கே வந்து, "என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள்?" என்று விசாரிக்கிறார். பிறகு தமக்கு முன்னால் உலகில் தோன்றிய ஆறு புத்தர்களின் வரலாற்றைச் சொல்கிறார். 91 கற்பங்களுக்கு முன் விபஸ்ஸி. 31 கற்பங்களுக்கு முன் சிகி. அதே கற்பத்தில் வெஸ்ஸபூ. இப்போது நடக்கும் இந்த நல்ல கற்பத்தில் ககுசந்தர், கோணாகமனர், கஸ்ஸபர். ஏழாவதாகத் தாம், அதாவது கௌதமர். ஆக, கௌதம புத்தர் ஒரு மதத்தைப் புதிதாக ஆரம்பித்தவர் என்று நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோமே, அதை அவருடைய சொந்த நூல்களே ஒப்புக்கொள்ளவில்லை. சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை இருக்கிறது. காட்டில் அலையும் ஒருவன், முன்னாளில் மனிதர்கள் நடந்துபோன பழைய பாதை ஒன்றைக் காண்கிறான். அதன் வழியே போய்ப் பழைய நகரம் ஒன்றை அடைகிறான். தாம் செய்ததும் அதுபோலத்தான், பழைய புத்தர்கள் நடந்த பாதையைக் கண்டுபிடித்ததுதான் என்கிறார் கௌதமர்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். கிழவர், நோயாளி, பிணம், துறவி என்ற அந்த நான்கு காட்சிகளும் மகாபதான சுத்தத்தில் விரிவாகவே வருகின்றன. தேர் வருகிறது, தேரோட்டி வருகிறான், கூரை வளையைப் போல் கூனிக் கோலூன்றி நிற்கும் கிழவர் வருகிறார், "நானும் இப்படித்தான் ஆவேனா?" என்ற கேள்வியும் வருகிறது. ஆனால் அந்த இளவரசர் சித்தார்த்தர் அல்லர். பந்துமதி என்ற நகரத்தில், பந்துமன் என்ற அரசனுக்கும் பந்துமதி என்ற அரசிக்கும் பிறந்த விபஸ்ஸி!

அப்படியானால் கௌதமர் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்? மஜ்ஜிம நிகாயத்தில், தலைமுடி கறுத்திருந்த இளமையில், விருப்பமில்லாத தாயும் தந்தையும் கண்ணீர் வடிக்க, தலையை மழித்துக் காவியுடுத்திப் புறப்பட்டதாகச் சொல்கிறார். நள்ளிரவு இல்லை, குதிரை இல்லை, தூங்கும் மனைவியை எட்டிப் பார்த்தது இல்லை. அங்குத்தர நிகாயத்தில், மூன்று பருவத்துக்கும் மூன்று மாளிகைகளில் சொகுசாக வாழ்ந்ததையும், அப்போதே மூப்பையும் நோயையும் சாவையும் நினைத்துப் பார்த்ததில் இளமையின் கர்வம் போனதையும் சொல்கிறார். நினைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். தேர் எதுவும் ஓடவில்லை. பிற்காலத்தில் வந்த புத்தசரிதம், நிதானகதை போன்ற நூல்கள்தான் விபஸ்ஸியின் தேரில் சித்தார்த்தரை ஏற்றி நமக்குக் காட்டுகின்றன.

ஆனால் அவற்றை மோசடி என்று சொல்லிவிட முடியாது. மகாபதான சுத்தமே ஒரு விதியைச் சொல்கிறது: போதிசத்துவர்கள் எல்லோருக்கும் வாழ்க்கை ஒரே அச்சில்தான் நடக்கும். பிறந்தவுடன் ஏழு அடி வைப்பார்கள். பிறந்த ஏழாம் நாள் தாய் இறந்துபோவாள். 'தம்மதா', அதாவது இயல்பான நியதி என்று இதற்குப் பெயர். எல்லோர் கதையும் ஒன்றுதான் என்றான பிறகு, ஒருவர் கதையை இன்னொருவருக்குச் சொல்வதில் பக்தனுக்குச் சங்கடம் இல்லை. சங்கடமெல்லாம் என்னைப் போன்ற சரித்திர வாத்தியாருக்குத்தான்.

பையனின் கேள்விக்குப் பதிலும் இங்கேயே கிடைத்தது. விபஸ்ஸி காலத்தில் மனிதனுக்கு ஆயுசு 80,000 வருஷம். பல ஆயிரம் வருஷங்கள் கழிந்த பிறகுதான் விபஸ்ஸி முதல் தடவையாகத் தேர் ஏறுகிறார். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவிலும் ஆயிரக்கணக்கில் வருஷங்கள் போகின்றன. அப்படிப்பட்ட உலகத்தில் இளமையே எத்தனையோ ஆயிரம் வருஷம் நீடிக்கும் என்றால், கிழவரைப் பார்க்காமலே ஓர் இளவரசன் வளர்ந்துவிட்டான் என்பதில் கணக்கு இடிக்காது. எண்பது வயதுவரை வாழ்ந்த கௌதமரின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து வைத்தால்தான் இடிக்கிறது. இது என் சொந்த அனுமானம். ஆனால் இடிக்கிற இடத்தை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் சரியாகத் தொட்டுக் காட்டினான், நான் அவனை உட்காரச் சொன்னேன்.

மற்ற புத்தர்களைப் பற்றி அந்தச் சுத்தம் சுருக்கமாகத்தான் சொல்கிறது. ஏதோ பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்தரைப் போல ஊர், குலம், கோத்திரம், தாய், தந்தை, ஞானம் பெற்ற மரம், இரண்டு தலைமைச் சீடர்கள், பணிவிடை செய்தவர் என்று ஒரே வரிசை. முதல் மூவரும் கௌதமரும் க்ஷத்திரியர்; நடுவே வரும் மூவர் பிராமணர். ஆயுசு மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது: 80,000, 70,000, 60,000, 40,000, 30,000, 20,000. கடைசியில் கௌதமர் காலத்தில் நூறு, அதுவும் அடைந்தால் உண்டு. கூட்டமும் அப்படித்தான். விபஸ்ஸிக்கு முதல் சபையில் 68 லட்சம் பிக்குகள். கௌதமருக்குக் கூடியது ஒரே சபை, 1,250 பேர். தம் கூட்டத்தைத்தான் எல்லாவற்றிலும் சின்னது என்று தயங்காமல் சொல்கிறார் பாருங்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மரங்கள் நமக்குத் தெரிந்தவையே. விபஸ்ஸிக்குப் பாதிரி, சிகிக்கு வெள்ளை மா, வெஸ்ஸபூவுக்குச் சால மரம், ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, கஸ்ஸபருக்கு ஆல், கௌதமருக்கு அரசு. இந்த மரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொரு செய்தி இந்த மலருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. விபஸ்ஸி தம் பிக்குகளிடம், இரண்டு பேர் ஒரே வழியில் போகாமல் ஊர் ஊராகப் பிரிந்து போங்கள், ஆனால் ஆறு வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் பந்துமதிக்குத் திரும்பி வந்து கூட வேண்டும் என்கிறார். ஒவ்வொரு வருஷம் முடியும்போதும், "ஒரு வருஷம் போயிற்று, இன்னும் ஐந்து இருக்கிறது", "இரண்டு போயிற்று, இன்னும் நான்கு இருக்கிறது" என்று தேவர்களே குரல் கொடுப்பார்களாம். நம் சங்கச் செயலாளர் அனுப்புகிற நினைவூட்டல்களுக்கு இவ்வளவு தொன்மையான முன்னோடி உண்டு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆறு பேரில் எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் கஸ்ஸபர். அவர்கூட இல்லை, அவரோடு வரும் குயவன். மஜ்ஜிம நிகாயத்தில் 81-ஆவது சுத்தம் முழுக்க அவன் கதைதான். பெயர் கடிகாரன், குடம் வனைபவன் என்று பொருள். கடிகை என்ற பழைய நாழிகைப் பெயரும் அந்தக் குடத்திலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் நேரத்தையே தண்ணீர்ப் பாத்திரத்தால்தானே அளந்தார்கள். வெபலிங்கம் என்ற ஊர்க்காரன். கண் தெரியாத வயதான தாய் தகப்பனை வைத்துக் காப்பாற்றுகிறான். மண்வெட்டி பிடித்து மண்ணைத் தோண்டமாட்டான். ஆற்றங்கரை இடிந்து விழுந்த மண்ணையும் எலி தோண்டிப் போட்ட மண்ணையும் அள்ளி வந்து பானை செய்வான். செய்த பானையை வெளியே வைத்துவிட்டு, விருப்பப்பட்டவர்கள் அரிசியோ பயறோ வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம் என்று விட்டுவிடுவான்.

அவனுக்கு ஒரு சிநேகிதன், ஜோதிபாலன் என்ற பிராமணப் பையன். "கஸ்ஸபர் வந்திருக்கிறார், வா, போய்ப் பார்ப்போம்" என்று மூன்று தடவை கூப்பிடுகிறான் குயவன். "அந்த மொட்டைத் தலைச் சாமியாரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று மூன்று தடவையும் பதில். சரி, ஆற்றுக்குக் குளிக்கவாவது வா என்று அழைத்துப் போகிறான். குளித்துக் கரையேறியதும், "விகாரம் பக்கத்தில்தான் இருக்கு" என்று ஆரம்பிக்கிறான். மறுபடியும் அதே பதில். இடுப்புக் கச்சையைப் பிடித்து இழுக்கிறான்; ஜோதிபாலன் அதை அவிழ்த்துவிட்டு நழுவுகிறான். கடைசியில் அப்போதுதான் கழுவிய தலைமயிரைப் பிடித்துவிட்டான் குயவன். ஜோதிபாலன் திகைத்து நிற்கிறான். நம்மைவிடத் தாழ்ந்த குலத்துக் குயவன் நம் தலைமயிரைத் தொடுகிறான் என்றால், இது சாதாரண விஷயமாக இருக்காது என்று நினைக்கிறான். போகிறான், கேட்கிறான், மனசு மாறித் துறவியாகிறான். "நீயும் கேட்டாயே, நீ ஏன் துறவியாகவில்லை?" என்று சிநேகிதனைக் கேட்கிறான். "கண் தெரியாத அப்பா அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேனே, உனக்குத் தெரியாதா?" என்கிறான் கடிகாரன்.

அந்த ஜோதிபாலன் வேறு யாருமில்லை, நான்தான் என்று கதையை முடிக்கிறார் கௌதம புத்தர். தாம் ஒரு காலத்தில் ஒரு புத்தரையே மொட்டை என்று ஏசிய கர்வக்காரனாக இருந்ததைத் தம் வாயாலேயே சொல்கிறார். அந்த வாய்த்துடுக்கின் வினையால்தான் உருவேலாவில் ஆறு வருஷம் உடம்பை வருத்திக்கொள்ள நேர்ந்தது என்று அபதான நூல் கணக்குத் தீர்க்கிறது.

கதை அத்தோடு நிற்கவில்லை. காசி மன்னன் கிகி, மழைக்காலத்தைத் தன் நகரத்தில் கழிக்கும்படி கஸ்ஸபரை அழைக்கிறான். வேறிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்கிறார். என்னைவிடப் பெரிய உபகாரி உங்களுக்கு யார் என்று ராஜாவுக்கு வருத்தம். கஸ்ஸபர் குயவன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார். ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது போனாராம். "பானையில் சோறு இருக்கிறது, சட்டியில் குழம்பு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுங்கள்" என்றார்கள் கண் தெரியாத பெற்றோர்கள். சாப்பிட்டுவிட்டு வந்தார். இன்னொரு தடவை அவர் குடிசை ஒழுகியது. குயவன் வீட்டில் புல் இருக்கிறதா பாருங்கள் என்று பிக்குகளை அனுப்பினார். புல் இல்லை, அவன் வீட்டுக் கூரைதான் இருக்கிறது என்று திரும்பி வந்தார்கள். அதையே பிரித்துக் கொண்டுவாருங்கள் என்றார். "யாரது கூரையைப் பிரிக்கிறது?" என்று கேட்ட பெற்றோர்கள், விஷயம் தெரிந்ததும், "எடுத்துப் போங்கள் சாமி" என்றார்களாம். மூன்று மாதம் அந்த வீடு வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. ஒரு சொட்டு மழையும் உள்ளே விழவில்லை. இதைக் கேட்ட ராஜா ஐந்நூறு வண்டி அரிசி அனுப்பினான். ராஜாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அவருக்கே இருக்கட்டும் என்று குயவன் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஒரு புத்தர் தம் இடத்துக்கு ஏழையின் கூரையைப் பிரித்து வரச் சொல்லலாமா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் தயங்காமல் கேட்கக்கூடிய வீடு என்று உலகத்தில் யாருக்கும் ஒன்றிரண்டுதான் இருக்கும். நம்மில் பலருக்கு அந்த வீடு இந்தக் கல்லூரியில் கிடைத்த சிநேகிதன் வீடுதான்.

கதை இருக்கட்டும். இவர்களைப் பற்றிச் சரித்திரச் சான்று ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் கல்லில்.

நேபாளத் தராய்ப் பகுதியில், நிகாலி சாகர் என்ற குளத்தின் கரையில், உடைந்த அசோகத் தூண் ஒன்று கிடக்கிறது. 1895-இல் அதன் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். பிரியதர்சி ராஜா, பட்டம் ஏறிய பதினான்காம் ஆண்டில், கோணாகமன புத்தரின் தூபியை இரண்டு மடங்காகப் பெரிதாக்கினார். பின்னர் நேரிலேயே வந்து வழிபட்டார் என்று அது சொல்கிறது. இது சுமார் கி.மு. 254. பெரிதாக்கினார் என்றால், அதற்கு முன்னாலேயே அங்கே ஒரு தூபி இருந்திருக்க வேண்டும். அதாவது, கௌதமருக்கு முன்பு ஒரு புத்தர் இருந்தார் என்ற நம்பிக்கை, அசோகர் காலத்திலேயே செங்கல்லும் மண்ணுமாகக் கட்டி வழிபடும் அளவுக்குப் பழையதாகிவிட்டிருந்தது. கோணாகமனர் நிஜமாக வாழ்ந்தார் என்பதற்கு இது சான்று அல்ல. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் இருந்தார் என்பது வேறு, அவர் இருந்ததாக ஜனங்கள் நம்பினார்கள் என்பது வேறு. கல்வெட்டு இரண்டாவதைத்தான் நிரூபிக்கும்.

அந்தத் தூணைக் கண்டுபிடித்த ஆளின் கதைதான் இதில் பெரிய வேடிக்கை. அலாய்ஸ் ஆண்டன் ஃப்யூரர் என்ற ஜெர்மானியர். லக்னோ அருங்காட்சியகத்தையும் அந்த மாகாணத்துத் தொல்லியல் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தவர். தூண் கிடைத்தது உண்மை. ஆனால் அதோடு திருப்திப்படாமல், பக்கத்திலேயே கோணாகமனரின் தூபியையும் பார்த்ததாக எழுதி, அதன் அமைப்பையெல்லாம் விவரித்தார். அப்படியொரு தூபியே அங்கே இல்லை. கன்னிங்காம் சாஞ்சிப் பக்கத்துத் தூபிகளைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து விவரங்களை எடுத்துப் போட்டிருந்தார். போதாததற்கு, பர்மாவைச் சேர்ந்த ஒரு பிக்குவுக்குப் போலிப் புனித எச்சங்களைக் கொடுத்து ஏமாற்றியதும் வெளியே வந்தது. 1898-இல் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு பி.சி. முகர்ஜி என்ற வங்காளி தொல்லியலாளர் அதே இடங்களுக்குப் போய்ப் பார்த்து, ஃப்யூரர் சொன்னதில் எது உண்டு எது இல்லை என்று எழுதினார். அந்த அறிக்கை 1901-இல் வின்சென்ட் ஸ்மித்தின் முன்னுரையோடு வந்தது. ஃப்யூரரின் புத்தகத்தை அரசாங்கமே புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.

இவ்வளவு பெரிய பொய்யர் கண்டுபிடித்த கல்வெட்டை எப்படி நம்புவது என்று சிலர் சந்தேகம் கிளப்பியதும் உண்டு. ஆனால் எழுத்தையும் மொழியையும் ஆராய்ந்த அறிஞர்களில் பெரும்பாலோர் அதை உண்மை என்றே ஏற்றிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும், கோணாகமனர் தொடர்பான இடத்தில் சிங்கத் தலை வைத்த தூண் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பொய்யர் கையிலும் சில சமயம் நிஜமான கல் அகப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது சான்றை நானே நேரில் பார்த்திருக்க வேண்டும். 1976-இல் நம் வரலாற்றுத் துறை கல்கத்தாவுக்குச் சுற்றுலா போனது. அதில் வந்தவர்கள் இந்த மலரைப் படித்தால் ஞாபகம் வரும். இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் கூடம். 1873-இல் கன்னிங்காம் மத்திய இந்தியாவில் கண்டெடுத்த, கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிய தூபியின் சிவப்புக் கல் வேலி. எங்கள் பேராசிரியர் ஒரு தூணுக்கு முன் நின்று, "இங்க வாங்கப்பா, இந்த மரத்தைப் பாருங்க" என்று கூப்பிட்டார். நாங்கள் எகிப்து மம்மியைப் பார்க்கும் அவசரத்தில் ஓடிவிட்டோம். இரண்டு மூன்று பேர்தான் அவரோடு நின்றார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை.

அவர் காட்ட நினைத்தது என்ன என்று இப்போது தெரிகிறது. அந்தத் தூண்களில் மரங்களைச் செதுக்கி, அடியில் பிராமி எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். இது பகவான் விபஸ்ஸியின் போதி மரம், இது ககுசந்தரின் போதி மரம் என்று. பாதிரி, சால், வாகை, அத்தி, ஆல், அரசு என்று இலையைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். சிகியின் மரம் மட்டும் கிடைக்கவில்லை. புத்தரை மனித உருவில் செதுக்காத காலம் அது. முகம் இல்லை, உடம்பு இல்லை, மரம் மட்டும்தான். ஏழு பேரில் யார் யார் என்று இலையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு சாஞ்சித் தோரணங்களில் மரங்களும் தூபிகளுமாக ஏழு பேரும் வருகிறார்கள். அஜந்தாவின் 17-ஆம் குகை வாசலுக்கு மேலே, வரப்போகும் மைத்ரேயரையும் சேர்த்து எட்டு உருவங்களாகவே வண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது சான்றுதான் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. கி.பி. 399-இல் சீனாவிலிருந்து புறப்பட்ட பாஹியான், சாவத்தி பற்றி எழுதும்போது, தேவதத்தனைப் பின்பற்றுகிற கூட்டத்தார் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். அவர்கள் முந்தைய மூன்று புத்தர்களை வழிபடுவார்களாம். சாக்கியமுனியை மட்டும் வழிபடமாட்டார்களாம்! தேவதத்தன் யார்? கௌதமரின் உறவினன், சங்கத்தைப் பிளந்தவன், அவர்மேல் பாறையை உருட்டியவன் என்று நாம் படித்த வில்லன். அவன் வழியில் வந்தவர்கள், ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும், கஸ்ஸபரைக் கும்பிட்டுக்கொண்டு தனியாக வாழ்ந்திருக்கிறார்கள். யுவான் சுவாங்கும் வங்காளத்துக் கர்ணசுவர்ணத்தில், தேவதத்தன் விதித்தபடி பால் பொருளைச் சேர்த்துக்கொள்ளாத மூன்று மடங்களைப் பார்த்திருக்கிறார். முந்தைய புத்தர்கள் எல்லோரும் கௌதமரின் பெருமைக்காகப் பின்னால் சேர்க்கப்பட்டவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது ஒன்று போதும். கௌதமரே வேண்டாம் என்றவர்களுக்கும் அவர்கள் வேண்டியிருந்தார்கள்.

நாளாக ஆக எண்ணிக்கை பெருகியது. புத்தவம்சம் என்ற பாலி நூலில் கௌதமருக்கு முன் 24 பேர். சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருவது இயற்கை. வரிசையில் முதல்வர் தீபங்கரர். அமராவதி நகரத்துச் சுமேதன், சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவியானவன், தீபங்கரர் வரும் வழியில் சேறு இருப்பதைப் பார்த்து அதன்மேல் தானே படுத்துக்கொள்கிறான். எதிர்காலத்தில் நீ கௌதமன் என்ற புத்தனாவாய் என்று வாக்குக் கிடைக்கிறது. நான்கு அசங்கியேயமும் ஒரு லட்சம் கற்பமும் கழித்து! ஆப்கானிஸ்தானத்து ஜலாலாபாத் பக்கம்தான் இது நடந்தது என்று யுவான் சுவாங்குக்கு இடத்தையே காட்டியிருக்கிறார்கள். காந்தாரச் சிற்பிகளுக்கு இந்தக் காட்சி அலுக்கவே இல்லை.

இந்தப் புத்தவம்சத்துக்குப் பாலியில் உரை எழுதியவர் யார் தெரியுமா? நம் ஊர்க்காரர். சோழ நாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர். காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ணதாசன் என்பவர் கட்டிய விகாரத்தில் இருந்துகொண்டு எழுதினார். (சினிமாப் பாட்டு எழுதிய கவிஞர் அல்ல!) அவருடைய வினய நூல் ஒன்று, களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆண்ட காலத்தில் எழுதப்பட்டது. இருண்ட காலம் என்று நாம் பரீட்சையில் எழுதினோமே, அந்தக் காலம்தான். மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'பௌத்தமும் தமிழும்' நூலில் 1940-இலேயே இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மணிமேகலையிலும், அறவண அடிகள் தம் போதனை, இறந்துபோன எண்ணற்ற புத்தர்களும் அருளிச் சொன்னதுதான் என்கிறார். பூம்புகாருக்கு அருகே பல்லவனேஸ்வரத்தில் 1960-களில் தோண்டியபோது ஒரு பௌத்த விகாரத்தின் செங்கல் கட்டடமும் புத்தர் பாதக் கல்லும் கிடைத்தன. புத்ததத்தர் உட்கார்ந்து எழுதிய இடம் அதுவேதான் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர், அவ்வளவுதான்.

இலங்கை மகாவம்சத்தில் முந்தைய மூன்று புத்தர்களும் தீவுக்கே வந்து போகிறார்கள். காய்ச்சல் பரவியபோது ககுசந்தர், மழை பொய்த்தபோது கோணாகமனர், உள்நாட்டுச் சண்டையின்போது கஸ்ஸபர். ரங்கூன் ஷ்வேதகோன் பகோடாவில், கௌதமரின் எட்டு முடிகளோடு ககுசந்தரின் கைத்தடியும் கோணாகமனரின் நீர் வடிகட்டியும் கஸ்ஸபரின் ஆடைத் துண்டும் இருப்பதாக ஐதீகம். பர்மாவில் பிழைத்து வந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் நிறைய. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பொன் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள்.

கடைசியாக வினய நூலில் வரும் ஒரு பேச்சு. சாரிபுத்தர் கேட்கிறார்: எந்தப் புத்தரின் தர்மம் நீண்ட நாள் நிலைத்தது, எவருடையது நிலைக்கவில்லை? விபஸ்ஸி, சிகி, வெஸ்ஸபூ மூவருடையதும் நிலைக்கவில்லை என்கிறார் கௌதமர். அவர்கள் விரிவாகச் சொல்லித்தரவில்லை, விதிகள் வகுக்கவில்லை. அவர்களும் நேர்ச்சீடர்களும் போனதும் எல்லாம் கலைந்துவிட்டது, பலகைமேல் நூலில் கட்டாமல் வைத்த பூக்கள் காற்றில் பறந்துபோவதைப் போல. பின்னால் வந்த மூவரும் சலிக்காமல் விரிவாகச் சொன்னார்கள். நூலில் கட்டிய பூக்களாக நின்றது. சலிப்பில்லாமல் விரிவாகச் சொல்வது என்ற இடத்தைப் படித்தபோது, வாத்தியார் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "உட்காருடா" என்பது ஒரே வார்த்தைதானே.

அந்தப் பையன் பிளஸ் டூ முடித்து நம் கல்லூரியில்தான் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். 1996 அல்லது 97-இல் சேர்ந்திருக்க வேண்டும். பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு, இடது புருவத்தில் ஒரு தழும்பு. ஜன்னலுக்கு வெளியே வாகை மரம் ஒன்று இருந்தது. அந்த பேட்ச்காரர்கள் யாராவது இதைப் படித்து ஆளை அடையாளம் கண்டுகொண்டால், விழாவின் இரண்டாம் நாள் காலைக் கூட்டம் முடிந்ததும் பழைய நூலக வாசலுக்கு வரச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.